நாவல்மரத்துக் கடந்தைக்கூடு

ஐப்பசி பிறந்துவிட்டால் மணியம்மையை வீட்டில் பார்க்க முடியாது. முதல் மழை விழுந்த மறுநாள் காலையிலேயே இடுப்பில் சிவப்புத் துணிக் கிழிசல்களைச் செருகிக்கொண்டு காப்புக்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். எதிரில் வருகிறவர்கள், "இன்னாம்மா, தோரணம் கட்டப் போறியா?" என்று கேட்பார்கள். "ஆங், உன் கல்யாணத்துக்குத்தான்" என்பாள், நிற்காமல். கேட்டவருக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்திருந்தாலும் அதே பதில்தான்.

எங்கள் ஊர் கல்லேரிக்குப்பம். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே வர வேண்டும். நடந்து வருகிறவர்கள் வரலாம், மற்றவர்களுக்கு என் ஷேர் ஆட்டோ இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டின் நடுவே ஒரு மொட்டைக் குன்று. காடு என்றதும் யானை, சிறுத்தை என்று யாரும் கனவு காண வேண்டாம். முயல் உண்டு, கீரி உண்டு, உடும்பு உண்டு, மயிலுக்குப் பஞ்சமில்லை. எப்போதாவது புள்ளிமான் ஒன்று ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்து நாய்களிடம் மாட்டிக்கொள்ளும். மற்றபடி முள்ளும் பாறையும்தான். வெயில் காலத்தில் பார்த்தால், இதற்கா அரசாங்கம் வேலி போட்டு போர்டு மாட்டி வைத்திருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் ஐப்பசியில் நாலு மழை விழட்டும். அதே காடா என்று சந்தேகம் வந்துவிடும். பாறை இடுக்கு மண்ணில் பட்டுப்பூச்சிகள் செக்கச்செவேல் என்று ஊரும். புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பி நிற்கிறவன் வாயிலும் மூக்கிலும் நுழையும். வேலமரத்து இலையில் பொன்வண்டு உட்கார்ந்திருக்கும். கிலுகிலுப்பைச் செடிகளில் கருநீலப் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும், செடியை ஆட்டினால்தான் அவை பூச்சி என்று தெரியும். ஏரிக்கு மேலே தட்டான்கள் தாழப் பறந்தால் எங்கள் ஆட்கள் வடகம் காயப்போட்ட துணியைச் சுருட்டிவிடுவார்கள். இதெல்லாம் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்தையும் வரும்.

கடந்தை என்பது காட்டுக் குளவி. வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற சாதுக் குளவி இல்லை. கருத்த உடம்பில் இடுப்புக்குக் கீழே மஞ்சள் பட்டை போட்டிருக்கும். மரக்கிளையில் சாம்பல் நிறத்தில் காகிதம் மாதிரி ஒரு கூடு கட்டும். ஆடியில் எலுமிச்சம்பழம் அளவு இருக்கிற கூடு கார்த்திகையில் பானை அளவு ஆகிவிடும். ஒன்று கொட்டினாலே காய்ச்சல் வரும். ஒரு கூடு முழுக்கக் கிளம்பினால் மாடுகூடப் பிழைக்காது.

மணியம்மை தேடிப் போவது இந்தக் கூடுகளைத்தான். வனத்துறையில் தினக்கூலிக் காவல் வேலை அவளுக்கு. ஆடுமாடு கன்றுச்செடியை மேயாமல் பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை, கூடு தேடுவது அவளாக எடுத்துக்கொண்டது. ஒரு கூடு கண்ணில் பட்டால் அந்த மரத்தைத் தொடமாட்டாள். சுற்றியுள்ள மரங்களில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்து, ஆடு மேய்ப்பவர்களிடமும் விறகு பொறுக்குகிற பெண்களிடமும் இடத்தைச் சொல்லிவிடுவாள். துணி தாண்டிப் போகாதே, கல் எறியாதே, புகை போடாதே. இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று ஊர் கேலி செய்யும். அந்தத் துணியைக் கொண்டுவந்து சேர்ப்பது நான். பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்தில் அவள் தங்கை பத்மா வேலை செய்கிறாள். லுங்கிக் கழிவில் சிவப்பை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டு அனுப்புவாள்.

அவள் புருஷன் பெயர் தேசப்பன். மரம் ஏறுவதில் அவனுக்கு நிகரான ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. தேங்காய் பறிக்க, கரண்டுக் கம்பியில் படுகிற கிளையைக் கழிக்க, எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவோம். ஒரு கார்த்திகையில் ஏரிக்கரைப் பனையில் கடந்தை கட்டியிருந்தது. அது யாரோ ஒருவரின் கன்றுக்குட்டியைக் கொட்டிக் கொன்றதும் ஊர் கூடித் தேசப்பனை ஏறச் சொன்னது. நீளமான மூங்கில் கழி, நுனியில் மண்ணெண்ணெயில் நனைத்த துணிப்பந்தம். பனையில் பாதி ஏறிக் கூட்டில் நெருப்பை வைத்தான். கூடும் பற்றிக்கொண்டது. கீழே நின்றவர்கள் விசில்கூட அடித்தார்கள். எரிகிற கூட்டிலிருந்து கிளம்பியவை நெருப்பை விட்டுவிட்டு நெருப்பைப் பிடித்திருந்தவன் மேல் இறங்கின. அவனைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில்தான் கொண்டுபோனோம், பின்சீட்டில் அவன் தலை மணியம்மை மடியில். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊர் அழுதது. உண்மையாகத்தான் அழுதது. அழுது முடித்துவிட்டு ஊர் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? கழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்க வேண்டும்.

மணியம்மைக்கும் அந்த வருடம் அதே வெறிதான். கடந்தைக் குலத்தையே கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை என்று திரிந்தாள். வனக்காப்பாளர் குமரேசன் பரிதாபப்பட்டு அவளுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஐப்பசியில் மண்ணெண்ணெய்க் கேனோடு ஒரு கூட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். பற்றவைக்கக் கை வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் போய்ப் பார்த்தாள். கூட்டுக்குக் கீழே ஆடு மேய்ந்துவிட்டுப் போனது, முயல் வந்துவிட்டுப் போனது, எதையும் கடந்தை சட்டை செய்யவில்லை. அதுபாட்டுக்கு இலையிலிருந்து புழுவைப் பிடித்துக் கடித்து உருட்டிக் கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. தை மாதக் குளிரில் கூடு தானாக வெறிச்சோடிப் போய்விட்டது.

ஒருநாள் ஆட்டோவில் வரும்போது என்னிடம் சொன்னாள். "அவர கொன்னது கடந்தைதான், அது இல்லன்னு சொல்லல. ஆனா அத்த கெளப்பி வுட்டது நம்ம கழி. யாரும் ஏறாம இருந்திருந்தா தையில அதுவே காலியாயிருக்கும். அவரும் இருந்திருப்பாரு."

"அப்போ அதுங்க மேல பாசமா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"பாசமா? மண்ணாங்கட்டி. இன்னிக்கும் பாத்தா வயிறு எரியுது. ஆனா அத்த கொளுத்தறன்னு இன்னொருத்தன் ஏறி உழறத நான் பாக்க மாட்டேன். அவ்ளோதான்."

இந்த வருடம்தான் அந்த வார்த்தைக்குச் சோதனை வந்தது.

எங்கள் குன்றின் மேல் கார்த்திகைத் தீபம் ஏற்றுவோம். திருத்தணி மலையில் தீபம் தெரிந்ததும் எங்கள் குன்றில் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊரில் வீட்டு விளக்குகள். தீபத்துக்கான எண்ணெய் வீட்டுக்கு ஒரு கரண்டியாகச் சேர்ந்து ஒரு பித்தளைக் குடத்தில் நிறையும். குடத்தைத் தூக்குவது வருடத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வீட்டு ஆள் தவிர வேறு யாரும் குடத்தைத் தொடக்கூடாது. வீட்டிலிருந்து எடுத்த குடம் குன்றின் உச்சிக்குப் போகும்வரை மண்ணில் படக்கூடாது. குடம் முன்னால், பம்பைக்காரர்கள் பின்னால், அதற்கும் பின்னால் ஊர். கடைசியில் பையன்கள் மாவளி சுற்றிக்கொண்டு வருவார்கள். பனம்பூக் கரித்தூளைத் துணியில் சுருட்டிக் கட்டிப் பற்றவைத்துச் சுற்றினால் பொறி மழையாகக் கொட்டும்.

இந்த வருட முறை மணியம்மை வீட்டுக்கு. அதாவது அவள் கொழுந்தன் பாலமுருகனுக்கு. டிராக்டர் ஓட்டுகிறான், மனைவி அபி, கையில் ஒரு பெண்குழந்தை. தேசப்பன் போன பிறகு அண்ணிக்கு ஒரு குறையும் வைக்காதவன். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள், கடந்தை என்ற பேச்சு வராத வரைக்கும்.

குன்றுக்குப் போகிற பாதை பிள்ளையார் கல்லில் தொடங்கும். அங்கிருந்து கல்லெறி தூரத்தில் பாதைக்கு மேலே ஒரு நாவல்மரம் கிளையைத் தாழ்த்தி நிற்கும். அந்தக் கிளையில் கூடு. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் குடத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம்தான் இடைவெளி. பின்னாலேயே பம்பைச் சத்தம், அதற்குப் பின்னால் மாவளிப் பொறி. மணியம்மை அதைக் கண்டுபிடித்த அன்றே சுற்றிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டு நேராக ஊர்ப் பெரியவர் சிவப்பிரகாசத்திடம் போனாள். ரேஷன் கடை வாசலில் நாலு பேரோடு நின்றிருந்தார். நானும் இருந்தேன்.

"மாமா, இந்த வருசம் கொடம் அந்தப் பக்கமா போக வேணாம். கெழக்கால சுத்திப் போலாம்."

"கெழக்கால ஏதும்மா வழி? உன்னிமுள்ளுதான் இருக்குது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து கொடம் போன தடம் அது. அத்த நாம மாத்தறதா?"

"ஆளுங்க சாவாம இருக்கறதுக்கு மாத்தலாமே மாமா."

"சாவற பேச்ச ஏன் பேசிகினு இருக்கற? கூடுதான தொல்ல, கூட்ட எடுத்துட்டா போச்சு" என்றார். எடுப்பது என்றால் எரிப்பது. எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"நான் எடுக்கறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாலமுருகன். "என் மொற. என் அண்ணன தின்ன ஜாதி. நானே எடுக்கறேன்."

கூட்டத்தில் யாரோ "சபாஷ்" என்றார்கள். சொன்னவனை அந்த இடத்திலேயே அறைந்திருக்க வேண்டும். மணியம்மை அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையும் கிட்டத்தட்ட அறைதான்.

அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து பார்த்தாள். திருவிழா நேரம், எல்லோரும் மலைக்கோயில் பந்தோபஸ்தில் இருக்கிறோம், முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். குமரேசனைக் கேட்டாள். "காட்டுல நெருப்பு வெச்சா கேஸ் போடுவேன்மா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஊரே தெரண்டு வர்ற அன்னிக்கு நான் ஒருத்தன் யாரத் தடுப்பேன்?" என்றார் அவர். நியாயமான பேச்சுதான். பிறகு மெதுவாகச் சொன்னார், "உன்னிமுள்ள வெட்டறதா இருந்தா வெட்டிக்கோ. அத்த புடுங்கச் சொல்லி எங்களுக்கே ஆர்டர் இருக்குது."

மறுநாள் விடிந்ததும் வெட்டுக்கத்தியோடு மணியம்மை பிள்ளையார் கல்லின் கிழக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டாள்.

உன்னிமுள்ளை வெட்டியவர்களுக்குத்தான் அதன் கொழுப்பு தெரியும். ஒரு கிளையை இழுத்தால் நாலு கிளை சேலையைப் பிடிக்கும். மழை வேறு விட்டுவிட்டுப் பெய்தது. வெட்டிய புதரிலிருந்து மரவட்டைகள் கொட்டின. கும்பிடுபூச்சி ஒன்று அவள் முந்தானையில் ஏறிக்கொண்டு மத்தியானம் வரை இறங்கவில்லை. ஒரு புதரடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அது சீறிய சீறலில், நின்ற இடத்திலேயே கல்லாக நின்று, அது போகும்வரை காத்திருந்து பிறகு வெட்டினாள். வழியில் கிலுகிலுப்பைச் செடிகள் ஒரு திட்டாக இருந்தன, மேலெல்லாம் பட்டாம்பூச்சிகள் அப்பியபடி. அதை மட்டும் வெட்டாமல் பாதையை வளைத்துக்கொண்டு போனாள். நான் கேட்டேன். "நேரா போனா சீக்கிரம் முடியுமே?"

"அதுங்க இன்னா பண்ணுச்சு? வளச்சிகினு போனா காலா தேஞ்சிடும்?"

ஊர் சும்மா இருக்குமா? மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், "பைபாஸ் ரோடு எப்போ தொறக்கறீங்க?" என்று கேட்டார்கள். டோல்கேட் உண்டா என்று ஒருவன். சிவப்பிரகாசம்கூட ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பாவம், பித்து புடிச்சிடுச்சு" என்றார். அவள் உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள். உதவிக்குப் போன என்னை, "சவாரி போச்சுன்னா உன் பொண்டாட்டி என்னத்தான் திட்டுவா, போ" என்று விரட்டினாள். நானும் ஒரு பொழுது வெட்டிவிட்டு ஓடி வந்தவன்தான். முதுகு அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை.

ஒருவழியாகப் பாதை குன்றின் பாறையைத் தொட்டது. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு மூங்கில் கழி சாய்ந்திருந்தது. நுனியில் துணி சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. பக்கத்தில் பாலமுருகன் ஒரு பழைய மழைக்கோட்டின் கிழிசலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் பத்மா கொடுத்தனுப்பிய பையோடு வாசலில் நின்றிருந்தேன். இரண்டு பேரும் என்னை ஆளாகவே மதிக்கவில்லை.

"பாதை முடிஞ்சிது நைனா. வந்து பாரு" என்றாள் மணியம்மை. கொழுந்தனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், செல்லமாக.

"பாக்க இன்னா இருக்குது அண்ணி? தடம் அதுதான். கூடு போனா தடம் இருக்கும்."

"உங்கண்ணனும் இப்டிதான் போனாரு."

"அண்ணன்கிட்ட கோட்டு இல்ல. ஹெல்மட் இல்ல. நான் எல்லாம் வெச்சிருக்கேன்."

"கொழந்தய யாருகிட்ட குடுத்துட்டுப் போற?"

அவன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். பிறகு, "அத்த எரிச்சாதான் எனக்கு தூக்கம் வரும்" என்றான். சத்தமில்லாமல் சொன்னான். சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மணியம்மை கழியை எடுத்துக் காலில் வைத்து உடைக்கப் பார்த்தாள். பச்சை மூங்கில், உடையவில்லை. கழியைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். அவன் எழுந்து போய் அதை எடுத்துவந்து மறுபடியும் சாய்த்து வைத்தான்.

தீபத்தன்று காலையிலிருந்து மழை இல்லை. மதியத்துக்கு மேல் ஊர் அவர்கள் வீட்டு வாசலில் கூடியது. பெண்கள் வரிசையாக வந்து கரண்டி கரண்டியாக எண்ணெய் ஊற்றினார்கள். குடம் கழுத்துவரை நிறைந்தது. மேலே திரித்துணியைப் போட்டு மூடி, மாலை சுற்றினார்கள். பம்பைக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்த்தார்கள். குடத்தைத் தூக்க வேண்டியவனை மட்டும் காணோம்.

"எங்கம்மா உங்க ஊட்டுக்காரன்?" என்று சிவப்பிரகாசம் அபியிடம் கேட்டார்.

அபி அழுதே விட்டாள். "நாவமரத்தாண்ட போயிட்டாருங்க. கூட்ட முடிச்சிட்டு வந்து தூக்கறேன், அதுவரிக்கும் கொடம் ஊட்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. அவரு கூட்டாளி பிரேம்குமாரு ஏணி எடுத்துகினு கூட போயிருக்காரு."

"சரி, வரட்டும். பொழுது இருக்குது. காத்துகினு இருப்போம்" என்றார் பெரியவர். ஊரும் தலையாட்டியது. அதாவது அவன் ஏறட்டும், அதுவரை நாம் உட்கார்ந்திருப்போம். ஏரிக்கரையில் விசில் அடித்த அதே ஊர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மணியம்மை வாசல் ஓரத்தில் நின்றிருந்தாள். புருஷன் போனவள் என்று சுப காரியத்துக்கு எப்போதும் ஓரத்தில்தான் நிற்பாள். அன்று அங்கிருந்து நகர்ந்தாள். தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள், கொப்புளத் துணியை அவிழ்த்து எறிந்தாள்.

"அபி, சும்மாடு குடு."

அபி ஒரு கணம் விழித்தாள். பிறகு ஓடிப்போய்த் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து மணியம்மையின் தலையில் வைத்தாள். இரண்டு பேருமாகக் குடத்தைப் பிடித்தார்கள். என்ன நடக்கிறது என்று ஊருக்குப் புரிவதற்குள் குடம் மணியம்மை தலையில் இருந்தது.

"ஏய், ஏய், இன்னாம்மா இது? நீ தூக்கக் கூடாது!" என்று சிவப்பிரகாசம் எழுந்தார். "எறக்கு! கீழ எறக்கு!"

"எடுத்த கொடம் மண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதான மாமா சொல்வீங்க. எங்க எறக்கறது?"

"வேற யார்னா வாங்கிக்கங்கப்பா!"

"எங்க ஊட்டு ஆளத் தவிர யாரும் தொடக்கூடாது. அதுவும் நீங்க சொல்றதுதான்" என்றாள். "நான் இந்த ஊட்டு ஆளுதான. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்."

 எப்படிச் சொல்வார்கள்? ஊர் தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு நின்றது. மணியம்மை திரும்பி நடந்தாள். குடம் போனால் ஊர் பின்னால் போயே ஆக வேண்டும். பம்பைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல் அடிக்க ஆரம்பித்தார்கள்.

பிள்ளையார் கல்லுக்கு வந்தோம். இடது பக்கம் பழைய தடம், வலது பக்கம் வெட்டிய உன்னிமுள் வாடிக் கிடக்கிற புதுப் பாதை. நாவல்மரம் நன்றாகத் தெரிந்தது. கிளையில் சாய்த்த ஏணியில், கிழிசலுக்கு டேப் ஒட்டிய மழைக்கோட்டும் பைக் ஹெல்மட்டும் கையுறையுமாகப் பாலமுருகன் இரண்டு படி ஏறியிருந்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். கையில் கழி. கீழே பிரேம்குமார் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றான். ஏணி இடித்ததில் கூட்டைச் சுற்றி நாலைந்து கடந்தை ஏற்கெனவே வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"மோளத்த நிறுத்துங்க" என்றாள் மணியம்மை. நின்றது. "பாலா!"

அவன் திரும்பினான். அண்ணி தலையில் குடத்தைப் பார்த்ததும் கழி தாழ்ந்தது. "அண்ணி! அந்தாண்ட போ! எல்லாரும் போங்க! நான் பத்த வெக்கப் போறேன்!"

"நான் போவல."

"போ அண்ணி, சொல்றேன்ல!"

"எனக்கு கை ஓஞ்சி போச்சு நைனா. கழுத்து ஒடியுது. யார்கிட்டயும் குடுக்க முடியாது, கீழயும் வெக்க முடியாது. நீ வந்து வாங்கினாதான் ஆச்சு. இல்லன்னா ஊரு எண்ணெ மொத்தமும் மண்ணுல."

அது நடிப்பு என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். குடம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எண்ணெய் தளும்பித் திரித்துணியைத் தாண்டி நெற்றியில் இறங்கி, கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவன் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பியபடியே நின்றாள்.  ஏணியில் அவன் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லோரையும் நினைத்து எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது.

முதலில் கழி விழுந்தது. பிறகு அவன் இறங்கினான், மெதுவாக, ஏணி அசையாமல். குனிந்தபடியே வந்தான். கிட்டே வந்ததும் கையை நீட்டினான்.

"ஹெல்மட்ட கழட்டு. அது மேல கொடம் நிக்காது" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கழற்றினான். எண்ணெயில் வழுக்கும் என்று கையுறையைக் கழற்றினான். கை தூக்க முடியாமல் மழைக்கோட்டையும் கழற்றி எறிந்தான். கூட்டத்துக்குள்ளிருந்து குமரேசன் சத்தமில்லாமல் போய்க் கழியையும் பிரேம்குமாரிடமிருந்த தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அபி சும்மாட்டை மாற்றி வைத்தாள். குடம் பாலமுருகன் தலைக்கு ஏறியது.

அவன் வலது பக்கம் திரும்பினான். சிவப்பிரகாசம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முன்னால் குடம் நடக்க ஆரம்பித்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தார். பம்பையை மட்டும் பாறை ஏறுகிற வரைக்கும் அடிக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

புதுப் பாதையில் இரண்டு ஆள் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. பாலமுருகன் நடந்தான், பக்கத்தில் குடத்துக்கு ஒரு கை கொடுத்தபடி மணியம்மை. நான் அடுத்த வரிசையில். கிலுகிலுப்பைத் திட்டில் பாதை வளைகிற இடத்தில் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"அண்ணி" என்றான். குடம் தலையில் இருந்ததால் திரும்ப முடியவில்லை. "அன்னிக்கு ஏரிக்கரையில... அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் பந்தத்த பத்த வெச்சு கையில குடுத்தேன். ஏறு அண்ணா, ஒன்னியும் ஆவாதுன்னு சொன்னேன்."

"தெரியும்."

அவன் நின்றுவிட்டான். பின்னால் ஊர் மொத்தமும் நின்றது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கேதான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அவரே சொன்னாரு. பாலாவ ஒன்னும் சொல்லாத, அவன் சின்னப்பையன்னு சொன்னாரு." அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், எண்ணெயையும் கண்ணீரையும் சேர்த்து. "நட நைனா. மலையில தீபம் தெரியறதுக்குள்ள போயாவணும்."